கேமராவை ஒளிக்க வேண்டாம்: மொராக்கோ முதல் டாக்கா வரை தெருவில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

முஸ்லிம் நாடுகளில் தெருவில் படம் எடுக்கலாமா என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. டாக்காவில் சதர்காட் படகுத்துறையில் கேமராவை வெளியே எடுத்த அடுத்த நிமிடம் பத்து பேர் முன்னால் வந்து நின்று என்னை எடு, என்னை எடு என்பார்கள். போஸ் இல்லாத இயல்பான படம், அதாவது கேண்டிட், எடுக்க வழியில்லாமல் நாம்தான் திண்டாட வேண்டும். அதே கேமராவை மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துப் பழைய சந்தைக்குள் தூக்கினால் எதிரே வருகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பாட்டி முக்காட்டை இழுத்து மூடிக்கொள்வார், கடைக்காரர் ஒருவர் சத்தமே போடுவார். தாஷ்கண்ட் கடைத்தெருவில் ரொட்டி விற்கிற அம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போஸ் கொடுப்பார். துபாயில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் சட்டம் மிகக் கடுமையாக இருக்கிறது. எல்லா ஊரிலும் பாங்கு சொல்கிறார்கள் என்பதால் எல்லா ஊரும் ஒன்றாகிவிடாது. அதனால் போகிற ஊரைப் பற்றி விசாரியுங்கள், மதத்தைப் பற்றி ஒரு பொது விதி தேடாதீர்கள்.

இதில் பெரும்பகுதி மொராக்கோவை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். காரணம், தெருப் படம் எடுப்பவர்களுக்கு இத்தனை அழகான ஒளியும் படத்தில் வர இத்தனை விருப்பமில்லாத மனிதர்களும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிற ஊர்கள் குறைவு. அங்கே பழகிக்கொண்டால் மற்ற இடங்களில் சமாளித்துவிடலாம்.

முதலில் சட்டம்

இதை முடித்துவிட்டு ரசனைக்குப் போகலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தில் 44ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் சம்மதம் இல்லாமல் அவரைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் பகிர்வதும் அதில் குற்றம், அது பொது இடமாக இருந்தாலும் சரி. குறைந்தது 6 மாதச் சிறை, 1.5 லட்சம் முதல் 5 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், இரண்டில் ஒன்றோ இரண்டும் சேர்ந்தோ வரலாம். 5 லட்சம் திர்ஹாம் என்றால் நம் பணத்தில் ஒரு கோடியைத் தாண்டும். துபாயின் தேரா பகுதியில் அப்ரா படகில் ஏறி எதிரே உட்கார்ந்திருக்கிறவரை போனில் எடுத்து ஸ்டோரி போடுவது எத்தனை பேர் தினமும் செய்கிற காரியம்! நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் படத்தில் இருப்பவர் புகார் கொடுத்தால், கலைக்காக எடுத்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அங்கே முகம் தெரிகிற படம் வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள், இல்லையென்றால் முதுகு, நிழல், படகு, தண்ணீர் என்று எடுங்கள். நம்ம ஊர் ஆட்கள் தங்கியிருக்கிற தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் கேமராவோடு போவது இன்னும் சிக்கல். உங்களுக்கு வரும் தொல்லையைவிட படத்தில் இருப்பவருக்கு வரும் தொல்லை அங்கே பெரிதாக இருக்கும், அவருடைய விசா முதலாளி கையில் இருக்கிறது.

எகிப்தில் 2022 ஜூலையில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. சொந்த உபயோகத்துக்காகப் பொது இடத்தில் படம் எடுக்க அனுமதிச் சீட்டு தேவையில்லை, கட்டணமும் இல்லை என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அதற்கு முன்னால் கெய்ரோ தெருவில் கொஞ்சம் பெரிய கேமராவைப் பார்த்தாலே போலீஸ்காரர் வந்து நிற்பார். ஆனால் அதே அறிவிப்பில் இரண்டு கொக்கிகள் உண்டு. நாட்டின் பெயரைக் கெடுக்கும் விதமான காட்சிகளை எடுக்கக் கூடாது, ஆட்களை எடுக்க அவர்களுடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். எது பெயரைக் கெடுக்கும் என்று தீர்மானிப்பது நீங்கள் இல்லை என்பதால் குப்பை மேடு, பிச்சை எடுப்பவர், தெருச் சண்டை போன்றவற்றைக் கெய்ரோவில் எடுக்கிறபோது யோசித்துக்கொள்ளுங்கள். சவூதியிலும் 2019இல் சுற்றுலா விசா திறந்தபோதே பொது ஒழுங்கு விதிகள் கொண்டுவந்தார்கள். அனுமதி இல்லாமல் மற்றவர்களைப் படம் எடுப்பதும் அதில் ஒரு மீறல்.

பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான தடை சில உண்டு: ராணுவம், போலீஸ், சோதனைச் சாவடி, விமான நிலையம், துறைமுகம், சில இடங்களில் பாலமும் அணையும் கூட. ஃபெஸ் அரண்மனையின் பித்தளைக் கதவுகளை எல்லோரும் எடுக்கிறார்கள், எடுக்கலாம், பக்கத்தில் நிற்கும் காவலர் ஃபிரேமில் வரக் கூடாது. ட்ரோன் எடுத்துப் போகவே வேண்டாம். மொராக்கோவிலும் எகிப்திலும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். விதிகள் மாறிக்கொண்டும் இருக்கும். தாஷ்கண்ட் மெட்ரோ நிலையங்களில் ஒரு காலத்தில் படம் எடுக்கவே கூடாது, அணுகுண்டுப் பாதுகாப்பு அறையாகவும் கட்டப்பட்டவை என்று சொல்லி வைத்திருந்தார்கள். 2018இல் தடையை நீக்கினார்கள், இன்று அந்த நிலையங்களைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் வருகிறார்கள். ஆகவே பழைய வலைப்பதிவைப் படித்துவிட்டுப் போகாமல் கிளம்பும் முன் ஒருமுறை புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய லென்ஸை வீட்டில் வையுங்கள்

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் எல்லோரும் முதலில் யோசிப்பது இதுதான்: 70-200 ஜூம் லென்ஸ் வாங்கிவிடலாம், தூரத்தில் நின்று எடுக்கலாம், யாருக்கும் தெரியாது. மொராக்கோவுக்கு இதைவிடக் கெட்ட யோசனை இல்லை. ஒன்று, மெதினா என்கிற பழைய நகரத்தின் சந்துகளில் இரண்டு கழுதை எதிரெதிரே வந்தாலே வழி அடைத்துக்கொள்ளும், அங்கே தூரம் என்று ஒன்றே கிடையாது. இரண்டு, தெருமுனையில் ஒளிந்து நின்று நீளக் குழாயை நீட்டுகிறவரை ஊரே பார்க்கும், ஒளிந்து நிற்பதே சந்தேகத்தைக் கிளப்பும். அகலமாகப் பார்க்கிற 28 அல்லது 35 எம்.எம். லென்ஸ் போதும். கேமரா சின்னதாக, கழுத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தொங்கட்டும். இவன் படம் எடுக்கிறவன் என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது, பிடிக்காதவர் விலகிப் போய்விடுவார், பிடித்தவர் நிற்பார், நீங்களும் யாரையும் ஏமாற்றவில்லை.

கேண்டிட் என்றாலே திருட்டுத்தனமாக எடுப்பது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போஸ் கொடுக்காமல் இருப்பதுதான் கேண்டிட், தெரியாமல் இருப்பது இல்லை. கேமராவை இடுப்பருகில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பது போல க்ளிக் செய்வது, போனில் யாரிடமோ பேசுகிற மாதிரி நடித்துக்கொண்டு எடுப்பது, இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துபோகும். போனில் எடுத்தால் கவனிக்கமாட்டார்கள் என்பதும் பழைய கதை. இப்போது போனைப் பார்த்தால்தான் அதிகம் பயப்படுகிறார்கள். கேமராவில் எடுத்தால் எங்கேயோ தொங்கும், போனில் எடுத்தால் இன்றைக்கே டிக்டாக்கில் வரும் என்று அவர்களுக்கும் தெரியும்.

செட்டிங்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைலண்ட் ஷட்டர் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். வெயில் தெருவில் லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் 1/250, ஐ.எஸ்.ஓ. ஆட்டோ. கூரை போட்ட சந்தைக்குள் நுழைந்தால் எஃப் 2.8க்கு இறங்கிவிடுங்கள், உள்ளே நல்ல இருட்டு. ஃபோகஸை இரண்டு மூன்று மீட்டரில் நிறுத்தி வைத்துவிட்டால் கேமரா கண்ணருகில் இருக்கும் நேரம் குறையும், அதுவும் ஒரு மரியாதைதான்.

உடையையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைப் பெண்களுக்கான அறிவுரை என்று மட்டும் நினைக்கிறார்கள். ஆண்களுக்கும் முட்டி மறையட்டும். அரை டிராயரும் பத்துப் பாக்கெட் வைத்த போட்டோகிராபர் சட்டையும் போட்டுக்கொண்டு சந்தைக்குள் போனால் எந்த நாட்டிலும் மரியாதை கிடைக்காது.

ஓரிடத்தில் நில்லுங்கள்

ஃபெஸ்ஸில் செஃபாரின் சதுக்கம் என்று ஒன்று இருக்கிறது, அல் கராவியீன் நூலகத்தின் வாசலுக்கு எதிரே. நடுவில் ஒரு மரம், சுற்றிலும் செம்புப் பாத்திரக் கடைகள். கல்யாணத்துக்குச் சமைக்கிற அண்டாக்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும். மனிதர்கள் தரையில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார்கள், ஒருவர் தட்டுவதற்கு இன்னொருவர் பதில் சொல்கிற மாதிரி தாளம் போகும். சுற்றுலாக் குழு ஒன்று வரும், வழிகாட்டி இரண்டு நிமிடம் பேசுவார், இருபது போன்கள் உயரும், தட்டுகிறவர் தலையைக் குனிந்துகொள்வார், குழு போய்விடும். அந்த இருபது பேர் எடுத்ததும் ஒரே படம்: குனிந்த தலை.

நீங்கள் செய்ய வேண்டியது அங்கே இருக்கிற டீக்கடையில் உட்காருவது. புதினா டீ சொல்லுங்கள், சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாகுதான் வரும். கேமராவை மேஜை மேல் வையுங்கள், எடுக்காதீர்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் உங்களைப் பார்ப்பதை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். எதிரே தட்டுகிறவரோடு ஒருமுறை கண் படும், அப்போது நெஞ்சில் கை வைத்துத் தலையை லேசாக அசைத்து ஸலாம் சொல்லுங்கள். பதிலுக்கு அவரும் கை வைத்தால் எழுந்து பக்கத்தில் போகலாம். பாத்திரத்தை விசாரியுங்கள், என்ன விலை, யார் வாங்குவார்கள், எத்தனை நாள் வேலை. அப்புறம் கேமராவைக் காட்டிக் கண்ணால் கேளுங்கள். சரி என்றால் முதலில் அவர் போஸ் கொடுப்பார், நிமிர்ந்து உட்கார்ந்து சிரிப்பார். அந்தப் படத்தையும் எடுங்கள், எடுத்துக் காட்டுங்கள். பிறகு அவர் வேலைக்குத் திரும்புவார் பாருங்கள், சுத்தியல் மறுபடி விழ ஆரம்பிக்கும், நீங்கள் பக்கத்தில் இருப்பதே மறந்துபோகும். கேண்டிட் படம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கேட்டால் இயல்பு போய்விடும் என்று சொல்கிறவர்கள் கேட்டவுடனே கிளம்பிவிடுகிறவர்கள், ஐந்து நிமிடம் கூட நிற்பதில்லை.

நின்று எடுப்பதற்கு எல்லாவற்றையும்விட சுலபமான இடம் ஓமனில் நிஸ்வா ஆட்டுச் சந்தை. வெள்ளிக்கிழமை அதிகாலை கூடும், வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும். வட்டமான ஒரு பாதை, நடுவில் மேடையிலும் வெளிவிளிம்பிலும் வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், விற்கிறவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு விலையைக் கூவியபடி சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒருவர் கையைக் காட்டி நிறுத்துவார், பல்லைப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கி அனுப்பிவிடுவார். எல்லோருடைய கவனமும் ஆட்டின் மேல் இருப்பதால் உங்களை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால் பாதைக்குள் இறங்காதீர்கள். வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கிற இடத்தில் குறுக்கே மண்டி போட்டுப் படம் எடுக்கிற ஆட்கள் வாராவாரம் அதிகமாகிக்கொண்டே போகிறார்கள், ஆடு முட்டினால் நான் வருத்தப்படமாட்டேன். முகமூடி மாதிரி புர்கா அணிந்த, பாலைவன நாடோடிகளான பெதுவின் பெண்களும் ஆடு விற்க வருவார்கள். பார்த்தவுடன் எடுக்கத் தோன்றும், அவர்களைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். பலர் வேண்டாம் என்பார்கள், சிலர் ஆட்டை மட்டும் எடுத்துக்கொள் என்று கையால் காட்டுவார்கள்.

கேட்பதும் மறுப்பதும்

கேட்பதற்கு நீளமான வாக்கியம் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் அஸ்ஸலாமு அலைக்கும், அப்புறம் கேமராவைத் தொட்டுக்காட்டி "மும்கின்?" என்றால் போதும். மொராக்கோவிலிருந்து எகிப்து, ஓமன் வரைக்கும் புரியும், உஸ்பெக்கிஸ்தானில் "மும்கின்மி?" என்று வால் சேர்த்துக்கொள்ளுங்கள். மொராக்கோவில் "வாக்கா" என்று பதில் வந்தால் சரி என்று அர்த்தம். ஷுக்ரன் என்று முடித்துக்கொள்ளுங்கள்.

கஷ்டம் கேட்பதில் இல்லை, பதிலைப் படிப்பதில்தான். ஆள்காட்டி விரலை இடமும் வலமும் ஆட்டினால் வேண்டாம். நெஞ்சில் கை வைத்துப் புன்னகையோடு தலை சாய்த்தால் பெரும்பாலும் அதுவும் வேண்டாம்தான், ஆனால் மரியாதையான வேண்டாம். முதலில் ஸலாம் சொன்னபோது வைத்த கையும் இதுவும் ஒன்று போலத் தெரியும், எப்போது வைக்கிறார் என்பதைப் பாருங்கள், கேமராவைக் காட்டிய பிறகு வைத்தால் நன்றி, வேண்டாம் என்று பொருள். துருக்கியிலும் அரபு நாடுகள் சிலவற்றிலும் தலையை மேலே தூக்கி நாக்கால் 'ச்' என்று ஒலி எழுப்பினால் முடியாது என்று அர்த்தம், புருவம் மட்டும் உயரும், வேறு எதுவும் அசையாது. நம்முடைய தலையாட்டலும் அங்கே குழப்பும். நாம் சரி என்று பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்கு இல்லை என்று படலாம், அதனால் வாயால் சொல்லுங்கள். தயங்கினால் அதையும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை கேட்கக் கூடாது, காசைக் காட்டி மனதை மாற்றப் பார்க்கக் கூடாது, சரி என்று திரும்பி நடந்து பத்தடி தள்ளி நின்று திரும்பி எடுப்பது இருக்கிறதே, அதைச் செய்கிறவர்களால்தான் அடுத்து வருகிறவனுக்குத் திட்டு விழுகிறது.

பெண்களை எடுப்பது பற்றி எல்லோரும் கேட்பார்கள். கேட்காமல் எடுக்காதீர்கள் என்பதுதான் பதில், ஆனால் கேட்பது எப்படி என்பதுதான் விஷயம். ஆண் போட்டோகிராபர் தனியாக நடந்து வரும் பெண்ணை வழிமறித்துக் கேட்பதே அவருக்குத் தர்மசங்கடம், சரி என்று சொல்ல நினைத்தாலும் தெரு பார்த்துக்கொண்டிருக்கும். கடை வைத்திருக்கிற பெண், வியாபாரம் பேசிக்கொண்டிருக்கிற பெண், குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறவர், இவர்களிடம் பேச்சுக் கொடுத்துக் கேட்பது வேறு. கூட ஆண்கள் இருந்தால் எல்லோருக்கும் ஸலாம் சொல்லிப் பொதுவாகக் கேளுங்கள், கணவரிடம் மட்டும் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பார்க்காமலே எடுப்பது அவமரியாதை. பெண் போட்டோகிராபர்களுக்கு இங்கே ஒரு பெரிய வாசல் திறந்திருக்கிறது, அடுக்களை வரை கூட்டிப்போய் டீ கொடுப்பார்கள், மருதாணி போடுவதையும் ரொட்டி தட்டுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து எடுக்கலாம். ஆனால் முக்காடு இல்லாமல் எடுத்த படத்தை வெளியில் காட்டலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். எடுக்கச் சம்மதித்தார் என்பதால் ஊருக்குக் காட்டவும் சம்மதித்தார் என்று ஆகாது. ஹம்மாம் குளியலறைக்குள் கேமராவைக் கொண்டுபோகவே வேண்டாம்.

குழந்தைகள் தாங்களாகவே முன்னால் வந்து நிற்பார்கள். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால் கண்ணால் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை அழகாக இருக்கிறது என்று புகழ்ந்தால் கூடவே மாஷா அல்லாஹ் சொல்லுங்கள். கண்ணு பட்டுடும் என்ற பயம் நமக்குத் தெரியாததா, நம் வீட்டில் குழந்தைக்குக் கன்னத்தில் மை வைக்கிறோம், அங்கே இந்த ஒரு சொல். அதைச் சொல்லாமல் வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு லென்ஸையும் நீட்டினால் பாட்டிகள் குழந்தையை உள்ளே தூக்கிப் போய்விடுவார்கள். மிட்டாய், பேனா, காசு கொடுத்துக் குழந்தைகளை எடுக்காதீர்கள். மொராக்கோ மலைக் கிராமங்களில் சுற்றுலாப் பயணியைக் கண்டாலே கை நீட்டிக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகளைப் பார்த்தால் காரணம் புரியும்.

காசு

மராக்கேஷில் ஜெமா எல் ஃப்னா சதுக்கம் தனி உலகம். யுனெஸ்கோ 2001இலேயே வாய்மொழி மரபுச் செல்வம் என்று அறிவித்த இடம், கதைசொல்லிகளும் இசைக்காரர்களும் இருந்த இடம். இன்று அங்கே கேமராவைத் தூக்குவதற்கு முன் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். சிவப்பு உடுப்பும் குஞ்சம் வைத்த பெரிய தொப்பியும் போட்ட தண்ணீர்க்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை, படம் எடுக்கவிடுவதுதான் தொழில். அதில் தவறொன்றும் இல்லை, அது அவர்களுடைய வேலை, கூலி கொடுங்கள். 10, 20 மொராக்கோ திர்ஹாம் சில்லறையாகத் தனிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, எடுப்பதற்கு முன்னாலேயே எவ்வளவு என்று பேசிவிடுங்கள். எடுத்த பிறகு பேசினால் நூறில் ஆரம்பிப்பார்கள். பாம்பாட்டி உங்கள் தோளில் பாம்பைப் போட்ட பிறகு பேரம் பேச முடியாது, அதனால் ஐந்தடி தள்ளியே நில்லுங்கள். சங்கிலி போட்ட குரங்கை எடுப்பதற்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள் என்பேன். அவை அழிந்துகொண்டிருக்கும் பார்பரி குரங்குகள், காட்டிலிருந்து குட்டியாகப் பிடித்து வருகிறார்கள்.

காசு கொடுக்காமல் அந்தச் சதுக்கத்தை எடுக்க வேண்டுமா, சுற்றியிருக்கிற மாடிக் காபிக்கடைகளில் ஒரு ஜூஸ் வாங்கிக்கொண்டு மாலை வெயில் சாயும்போது உட்காருங்கள். சாப்பாட்டுக் கடைகளின் புகை எழும், விளக்கு ஏற்றுவார்கள், ஆட்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள், யாருடைய முகமும் தனியாக வராது. ஃபெஸ்ஸில் ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளும் இதே மாதிரிதான், சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்து பார்க்க வேண்டும். வாசலில் புதினாக் கொத்து ஒன்று கொடுப்பார்கள், சுண்ணாம்பும் புறாக் கழிவும் கலந்த நாற்றத்துக்கு அது போதாது. மாடி இலவசம் என்று சொல்லி ஏற்றிவிட்டு இறங்கும்போது பை விற்கப் பார்ப்பார்கள், வாங்காவிட்டால் கொஞ்சம் சில்லறை கொடுத்துவிட்டு வரலாம். கீழே தொட்டிக்குள் இடுப்பளவு நிற்கிறவர்கள் நாள் முழுக்க மேலிருந்து எடுக்கப்படுகிறவர்கள், அந்தச் சில்லறையில் அவர்களுக்கு எதுவும் போவதில்லை. முகத்தை ஜூம் செய்யாமல் வண்ணங்களை எடுத்துக்கொண்டு வந்தால் நல்லது.

மற்ற தெருக்களில் சாதாரணமாக வேலை செய்துகொண்டிருக்கிறவருக்குக் காசு நீட்டாதீர்கள், சிலருக்குக் கோபம்கூட வரும். அவரிடம் ஏதாவது வாங்குங்கள். இல்லையென்றால் படத்தைக் கொடுங்கள். சின்ன இன்ஸ்டாக்ஸ் பிரிண்டர் ஒன்று பையில் இருந்தால் அந்த இடத்திலேயே அச்செடுத்துக் கொடுக்கலாம், கெய்ரோவிலும் டாக்காவிலும் வாட்ஸ்அப்பில் அனுப்பு என்று நம்பரை அவர்களே கொடுப்பார்கள். அனுப்புகிறேன் என்று சொன்னால் அன்று ராத்திரியே அனுப்பிவிடுங்கள், ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

பள்ளிவாசல், தொழுகை, ரமலான்

மொராக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது, காசாபிளாங்காவில் இரண்டாம் ஹசன் பள்ளிவாசலை வழிகாட்டியோடு பார்க்கலாம். இஸ்தான்புல்லில் தொழுகை நேரம் தவிர மற்ற நேரம் உள்ளே போகலாம், படமும் எடுக்கலாம். எங்கே போனாலும் வாசலில் நின்று உள்ளே தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி உளூ செய்கிறவர்களை லென்ஸால் எட்டிப் பார்ப்பது நன்றாக இருக்காது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு இடம் போதாமல் தெருவில் வரிசை கட்டித் தொழுவார்கள், அழகான காட்சிதான். பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ தூரத்திலோ எடுங்கள். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடப்பதே தவறு, முன்னால் போய் உட்கார்ந்து நெற்றி தரையில் படும் நொடியை எடுப்பது பற்றிப் பேசவே வேண்டாம். அடக்கத்துக்கு எடுத்துப் போகும் ஊர்வலம் எதிரே வந்தால் கேமராவைக் கீழே இறக்கி ஓரமாக நில்லுங்கள்.

ரமலானில் போவது நல்லதா என்றால் எனக்கு அது பிடித்த மாதம். நோன்பு திறக்கும் நேரமான மாலை மக்ரிப் பாங்குக்கு அரை மணி முன்னால் தெருவே பரபரப்பாக இருக்கும், பாங்கு சொன்னதும் ஒரு ஆள் இருக்கமாட்டார், பிறகு நடு ராத்திரி வரை கூட்டம். அந்தக் காலித் தெருவை எடுப்பதற்கே போகலாம். பகலில் நோன்பு வைத்திருப்பவர் முன்னால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் குடிக்காதீர்கள். கெய்ரோவில் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் தெருவில் மேஜை போட்டு இலவசமாக நோன்பு திறக்க வைப்பார்கள். உங்களையும் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள், உட்காருங்கள், சாப்பிடுங்கள். ஆனால் அங்கே சாப்பிடுகிறவர்களின் முகத்தை எடுக்காதீர்கள், இலவசச் சாப்பாட்டு வரிசையில் தன்னைப் பார்க்கிற சொந்தக்காரர் யார் என்று அவருக்குத்தானே தெரியும். தட்டுகள், கைகள், கொதிக்கிற அண்டா, பரிமாறுகிற பையன்கள், இவை போதும்.

முகம் இல்லாமலும் படம் உண்டு

பெல்ஜியத்துக்காரரான ஹாரி க்ரூயேர் 1969இலிருந்து பலமுறை மொராக்கோ போய் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். சுவரின் நிறம், ஜெலாபா என்கிற நீள அங்கியின் தொப்பிக்குள் மறைந்த தலை, பாதி வெயில் பாதி நிழலில் கடந்து போகிற உருவம் என்று போகும், பல படங்களில் முகமே தெளிவாக இருக்காது. ஊர் அப்படித்தான் இருக்கிறது, அங்கே ஒளியே அப்படித்தான் விழுகிறது. சந்தைகளின் மேல் நாணல் தட்டி வேய்ந்திருப்பார்கள், உச்சி வெயிலில் கோடு கோடாக வெளிச்சம் இறங்கும், தூசியும் புகையும் அதில் தெரியும். வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரைக் கட்டிவைத்துவிட்டு நிழல்கள் கறுத்துப் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். ஒரு கோட்டுக்குள் யாராவது நடந்து வரும்வரை காத்திருந்தால் ஆள் யார் என்றே அடையாளம் தெரியாத, ஆனால் உயிருள்ள படம் கிடைக்கும். பின்னாலிருந்து "பாலாக்!" என்று குரல் வந்தால் மட்டும் யோசிக்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள், மூட்டை ஏற்றிய கழுதை வருகிறது, அது யாருக்காகவும் நிற்காது.

சண்டை வந்தால்

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒருநாள் யாராவது சத்தம் போடுவார்கள். கேமராவை உடனே கீழே இறக்குங்கள், மன்னிப்புக் கேளுங்கள், திரையில் படத்தைக் காட்டுங்கள். அவர் அதில் இல்லையென்றால் அங்கேயே அடங்கிவிடும். இருந்தால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள், போனில் எடுத்தது என்றால் சமீபத்தில் அழித்தவை என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் போய் அங்கேயும் அழித்துக் காட்டுங்கள், அவர்களுக்கும் அது தெரியும். எனக்கு உரிமை இருக்கிறது, இது பொது இடம் என்று வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. கூட்டம் சேர்ந்தால் பக்கத்துக் கடைக்காரரிடமோ வயதான ஒருவரிடமோ போய் நில்லுங்கள், பெரியவர் ஒருவர் ஸாஃபி, ஸாஃபி, போதும் விடுங்கள் என்று சொன்னால் கூட்டம் கலையும். போலீஸ் வந்து கேட்டால் பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சுற்றுலா விசாவில் வந்திருந்தால் நீங்கள் சுற்றுலாப் பயணி, பத்திரிகை, டாக்குமென்டரி என்று பெருமைக்காக எதையாவது சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். உண்மையிலேயே பத்திரிகைக்காகப் போகிறீர்கள் என்றால் அதற்குரிய அனுமதியை ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள்.

ஊருக்கு வந்த பிறகு

ஃபேஸ்புக்? டிக்டாக்? என்று படம் எடுத்தவுடனே கேட்பார்கள். போடமாட்டேன் என்று சொல்லியிருந்தால் போடக் கூடாது, அவ்வளவுதான். எதைப் போடலாம் எதைப் போடக் கூடாது என்பதை அன்றன்று ராத்திரியே ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து யார் என்ன சொன்னார் என்று நினைவிருக்காது. முகம் தெரிகிற படத்துக்குத் தெருவின் பெயரையும் ஜி.பி.எஸ். விவரத்தையும் சேர்க்காதீர்கள், ஏற்றுமதி செய்யும்போதே லைட்ரூம் மென்பொருளில் அதை நீக்கும் வசதி இருக்கிறது. கேப்ஷனில் கண்டதை எழுதுங்கள். முக்காடு போட்ட பெண் ஒருவர் ஆரஞ்சுப் பழம் பொறுக்கி எடுக்கிற படத்துக்குக் கீழே "மௌனத்தின் பின்னால்" என்று எழுதுகிறவர்கள் அந்தப் பெண் பழக்காரரிடம் என்ன போடு போட்டார் என்பதைக் கேட்டிருக்கமாட்டார்கள். வாட்ஸ்அப் நம்பர் கொடுத்தவர்களுக்குப் போடுவதற்கு முன் படத்தை ஒருமுறை அனுப்பிக் கேட்டுவிடுங்கள், வேண்டாம் என்று பதில் வந்தால் ஹார்ட் டிரைவிலேயே இருக்கட்டும்.